பலகை, இருக்கை, குவளை: உணவு விடுதிகள் வழியே தமிழகத்தை மீள அறிதல்

ஆய்வுச் சுருக்கம்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்ந்து ஊர் திரும்புவோர் தம் மண்ணை மீண்டும் அறிந்துகொள்ளும் இடங்களாக உணவு விடுதிகளும் காப்பிக் கடைகளும் இன்று விளங்குகின்றன. பித்தளைக் குவளையில் தரப்படும் காப்பியும் வாழையிலைச் சாப்பாடும் மரபின் அடையாளங்களாக முன்வைக்கப்படுகின்றன. இம்மீள்அறிதல் எந்தத் தமிழகத்தைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. உணவு விடுதியின் பெயர்ப்பலகை, இருக்கை, குவளை ஆகிய மூன்றையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் பொதுவெளி உருவான முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. சுவையின் வழி ஊரை அறிபவர், அச்சுவையை உடனமர்ந்து நுகர எவர்க்கு உரிமை இருந்தது என்பதையும் அறிதல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: காப்பி, உணவு விடுதி, பொதுவெளி, தீண்டாமை, சுயமரியாதை இயக்கம், மரபேக்கம்

முன்னுரை

ஓர் ஊரை அறிவதற்குக் கோயிலும் கடைத்தெருவும் வழிகாட்டிய காலம் உண்டு. இன்று அவ்வூருக்கு வருபவர் முதலில் கேட்பது, இங்கே நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்பதே. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்னும் பெயர் தாங்கிய கடைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றிற்கும் கும்பகோணத்திற்கும் இடையே தொலைவு மிகுதி. எனினும், பித்தளை டபராவும் தம்ளரும் கையில் வந்தவுடன் பயணி தன் ஊரைத் தொட்டுவிட்டதாக உணர்கிறார். இவ்வுணர்வு பொய்யன்று. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

தமிழ்ச் சமூகத்தில் காப்பியின் வரலாற்றை ஆய்வுப் பொருளாக்கியவர்களுள் ஆ. இரா. வேங்கடாசலபதி முதன்மையானவர். ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் அவருடைய கட்டுரை, நடுத்தர வகுப்பின் பண்பாட்டு உருவாக்கத்தில் காப்பி பெற்ற இடத்தையும், உழைக்கும் மக்களின் பானமாகத் தேநீர் எதிர்நிலையில் அமைந்ததையும் விளக்கியது. இக்கட்டுரை அவ்வாய்வுக்குக் கடன்பட்டது. எனினும், இங்குப் பானத்தைவிட அது அருந்தப்பட்ட இடமே முதன்மை பெறுகிறது.

அறத்திலிருந்து விலைக்கு

விலைக்கு உணவு விற்பது தமிழகத்திற்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் வருணிக்கையில் தின்பண்ட வாணிகத்தையும் குறிப்பிடுகிறது. ஆயினும், வழிப்போக்கர்க்குச் சோறிடுதல் நெடுங்காலம் அறமாகவே கருதப்பட்டது. தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்கள் இதற்குச் சான்று. இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சத்திரத்தில் உண்பவர் விருந்தினர். உணவளிப்பவர் புண்ணியம் தேடுபவர். இருவர்க்கும் இடையே காசு இல்லை.

காசு கொடுத்து உண்ணும் நிலையான விடுதி பெருகுவதற்கு இருப்புப் பாதை முதன்மையான காரணம். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. அதன்பின் வழக்காடவும் படிக்கவும் வேலை தேடவும் மக்கள் பெருமளவில் ஊர்விட்டு ஊர் சென்றனர். சொந்தக்காரர் இல்லாத ஊரில் உண்ண வேண்டிய தேவை எழுந்தது. காப்பி கிளப், சாப்பாட்டுக் கிளப், மெஸ் என்னும் பெயர்களில் விடுதிகள் தோன்றின. கன்னட நாட்டின் கரையோரத்திலிருந்து வந்தோர் உடுப்பி விடுதிகளை நிறுவினர். கே. கிருஷ்ணராவ் 1938இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் இம்மரபில் பெரும் பெயர் பெற்றது.

காப்பியும் இவ்வாறே இடம்பெயர்ந்த பொருள். அது இந்நிலத்தில் பரவலான பானமாவதற்கு முன்பே, அதனைப் பயிரிடும் உழைப்பில் தமிழர் ஈடுபடுத்தப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் தமிழகத்து உழவுக் கூலிகள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். 1869இல் அங்குக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் பின்னர் காப்பிப் பயிரை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பியைப் பறித்த கைகளும் அதனை நடுக்கூடத்தில் அமர்ந்து பருகிய கைகளும் வெவ்வேறு என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளுதல் தகும்.

விலைக்கு உணவு விற்கும் விடுதி ஒரு புதிய வாக்குறுதியைத் தன்னுள் கொண்டிருந்தது. காசு உடைய எவரும் வரலாம், எவர் என்று கேட்கப்படாமல் உண்ணலாம் என்பதே அது. சாதிக்கு ஏற்ப உண்ணும் இடமும் உடனுண்போரும் வரையறுக்கப்பட்ட சமூகத்தில் இது பெருமாற்றம். ஆனால் அந்த வாக்குறுதியை அந்த விடுதியே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பயன்பட்ட முதற்கருவி பெயர்ப்பலகை.

பலகை

‘பிராமணாள் காப்பி கிளப்’, ‘பிராமணாள் ஓட்டல்’ என்னும் பலகைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகத்து நகரங்களில் இயல்பான காட்சி. இச்சொல் சமைப்பவரின் சாதியைச் சுட்டுவது மட்டுமே என்று அதனைக் காப்போர் வாதிட்டனர். ஆனால் விடுதியின் உள்ளமைப்பு வேறொன்றைச் சொல்லியது. பல இடங்களில் பிராமணர்க்குத் தனி அறையும் ஏனையோர்க்கு வேறு இடமும் இருந்தன. தாழ்த்தப்பட்டோர்க்கு உள்ளே இடமே இல்லை. பலகை என்பது பெயர் மட்டுமன்று, வாயிற்காவலும் ஆகும்.

உடனுண்ணல் அரசியல் வினாவானதற்குச் சேரன்மாதேவி குருகுல நிகழ்வு தக்க சான்று. வ. வே. சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு அளிக்கப்பட்டமை 1924–25 ஆண்டுகளில் பெரும் பூசலாக வெடித்தது. தேசியக் கல்வி பயிற்றும் இடத்திலேயே பந்தி பிரிக்கப்படலாமா என்னும் வினா, தமிழ்நாட்டுக் காங்கிரசில் பிராமணர்–பிராமணரல்லாதார் பிளவை ஆழப்படுத்தியது. 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ. வெ. ராமசாமி காங்கிரசிலிருந்து வெளியேறியதன் பின்னணியில் இப்பூசலும் உண்டு. சுயமரியாதை இயக்கம் சமபந்தி உணவைத் தன் செயல்திட்டமாகவே கொண்டது.

இரயில் நிலைய உணவு விடுதிகளில் நிலவிய பிராமணர், பிராமணரல்லாதார் என்னும் பிரிவினை தொடர்ந்த எதிர்ப்பின் பின் 1941இல் நீக்கப்பட்டது. தனியார் விடுதிகளின் பலகைகளோ எஞ்சி நின்றன. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கபேயின் முன்பு, பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தின் பின் அச்சொல் அகற்றப்பட்டது. ஒரு சிற்றுண்டிச் சாலையின் பலகையிலுள்ள ஒற்றைச் சொல்லுக்காக இத்தனை பேர் சிறை சென்றது ஏன் என்று இன்றைய வாசகர் வியக்கலாம். அச்சொல் அழிந்தால்தான் காசு உடைய எவரும் வரலாம் என்னும் வாக்குறுதி உயிர்பெறும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதே விடை.

பலகையின் வரலாறு அத்துடன் முடியவில்லை. ‘உயர்தர சைவ உணவகம்’ என்னும் தொடர் இன்று தமிழகமெங்கும் காணப்படுகிறது. ‘உயர்தர’ என்னும் அடை சமையலின் தரத்தைக் குறிப்பதாகவே பெரும்பாலோர் கொள்கின்றனர். ஆயினும், ‘உயர்தர அசைவ உணவகம்’ என்னும் தொடர் அத்துணைப் பெருவழக்காக இல்லாமை கருதத்தக்கது. நீக்கப்பட்ட சாதிச் சொல்லின் இடத்தை உணவின் தூய்மை குறித்த சொல் நிரப்பியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதனை உறுதிசெய்ய ஊர்தோறும் பலகைகளைக் கால வரிசையில் தொகுத்து ஆராய்தல் வேண்டும்.

மறுபுறம், பலகையே விடுதலையின் குரலாகவும் ஒலித்தது. மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டியைச் சேர்ந்தோர் தம் ஊர்த் தெய்வத்தின் பெயரால் முனியாண்டி விலாஸ் விடுதிகளைத் தமிழகமெங்கும் நடத்தினர். ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில் விடுதி உரிமையாளர்கள் ஊர் திரும்பி முனியாண்டிக்கு விழா எடுக்க, பிரியாணியே படையலாகவும் அருளுணவாகவும் அளிக்கப்படுகிறது. நாட்டார் தெய்வத்தின் பெயரும் ஆட்டிறைச்சியும் பெருநகரத்து முதன்மைத் தெருக்களில் பலகையேறியது சிறிய நிகழ்வன்று.

இருக்கை

விடுதிக்குள் நுழைந்தபின் எழும் வினா, எங்கு அமர்வது என்பது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943) கதையில், சென்னைக்கு வரும் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை முதலில் அழைத்துச் செல்வது காப்பி ஓட்டலுக்கே. காப்பியின் சுவையைக் கண்டு வியக்கும் கடவுளிடம், அது சிக்கரித் தூளின் மாயம் என்று பிள்ளை விளக்குகிறார். அறிமுகமில்லாத இருவர் ஒரே மேசையில் அமர்ந்து உரையாடத் தக்க இடமாகக் காப்பி ஓட்டல் அன்றைய நகரத்தில் நிலைபெற்றுவிட்டதை இக்கதை காட்டுகிறது. கோயிலில் கடவுளைக் காணும் முறைக்கும் ஓட்டலில் அவரோடு காப்பி அருந்தும் முறைக்கும் உள்ள தொலைவே கதையின் நகைச்சுவைக்கு அடிப்படை.

தேநீர்க் கடையின் பலகைத்தட்டு இதனினும் அகன்ற பொதுவெளியை உருவாக்கியது. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி எளிய தமிழில் செய்தி தந்தது. அதனை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட இடம் தேநீர்க் கடை. எழுத்தறியாதோரும் அரசியல் பேசக் கற்றது இங்கேதான். ‘டீக்கடை பெஞ்ச்’ என்பது நாளிதழ்ப் பகுதியொன்றின் தலைப்பாகும் அளவுக்கு அவ்விருக்கை பொதுக்கருத்தின் குறியீடாயிற்று.

எனினும், இப்பொதுவெளிக்கும் எல்லைகள் இருந்தன. பெண்கள் அதில் இல்லை. நகரத்து விடுதிகளில் ‘குடும்ப அறை’ என்று திரையிட்ட பகுதி ஒதுக்கப்பட்டது. சிற்றூர்த் தேநீர்க் கடையில் அதுவும் இல்லை. பெண் அக்கடையில் அடுப்படியில் நின்றாள், கல்லாவில் அமர்ந்தாள், பாத்திரம் கழுவினாள்; பலகைத்தட்டில் அமர்ந்து நாளிதழ் படித்தாளில்லை. பொதுவெளி குறித்த ஆய்வுகள் தேநீர்க் கடையைப் போற்றும்போது இதனையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

காப்பி விடுதியின் உரிமையிலும் மாற்றம் நிகழ்ந்தது. காப்பியின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு 1930களில் தொடங்கப்பட்ட இந்தியா காப்பி ஹவுஸ் விடுதிகளைக் காப்பி வாரியம் 1950களில் மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலனின் வழிகாட்டலில் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து அவற்றைத் தாமே ஏற்று நடத்தினர். பரிமாறுபவரே உரிமையாளரான இவ்விடுதிகள் கேரளத்திலும் புதுச்சேரியிலும் இன்றும் இயங்குகின்றன.

குவளை

பலகை மாறி இருக்கை பொதுவான பின்னரும் வேற்றுமை தங்கிய கடைசி இடம் குவளை. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை, சட்டம் தடைசெய்த பின்னும் தொடர்ந்தது. இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பு கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதியின் பெயரால் தடை விதித்தலை விலக்குகிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஒருபடி மேற்சென்று, பொது விடுதியில் வைக்கப்பட்ட பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தலையும் குற்றமென வெளிப்படையாகவே கூறியது. நாடாளுமன்றம் ஒரு குவளையைச் சட்டத்திற்குள் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது, அக்குவளை எத்துணை வலிய நிறுவனமாக இருந்தது என்பதற்குச் சான்று.

இருபத்தோராம் நூற்றாண்டிலும் இரட்டைக் குவளை முறையைக் கள ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் குவளை வந்தபின் அம்முறை வடிவம் மாறியது. ஒரு சாரார்க்குக் கண்ணாடிக் குவளை, மறு சாரார்க்கு எறியும் குவளை எனும்போது, தூய்மை என்னும் பெயரில் பழைய பிரிவினை தொடர இயலும். சான்று எறியப்பட்டுவிடுவதால் அதனை மெய்ப்பிப்பதும் அரிது.

இவ்விடத்தில் ஒரு தன்னனுபவத்தைக் குறிப்பிடுதல் பொருந்தும். இக்கட்டுரையாளர் காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் பேருந்து நிறுத்தத்து எதிரேயிருந்த பழைய காப்பிக் கடையில் காப்பி குடிப்பது வழக்கம். ஊர் வந்துசேர்ந்த உணர்வு அங்கேதான் முழுமை பெறும். இவ்வாய்வுக்காகக் குறிப்புகள் தொகுத்த நாள்களில் அக்கடையின் பழைமை குறித்து அப்பாயிடம் வினவியபோது கிடைத்த விடை இது: “உங்க தாத்தா பெஞ்சுல உக்காந்து குடிப்பாரு. தெருவுலேர்ந்து வர்றவங்க வாசல்ல குந்திக் குடிப்பாங்க. அவங்க கிளாசு கீத்துல செருகியிருக்கும். குடிச்சிட்டு அவங்களே கழுவிச் செருகிட்டுப் போவணும். நீ இத்தனை வருசமா போறியே, அந்தக் கீத்தைப் பாத்ததில்லையா?”

பார்த்ததில்லை. கீற்று மாறி ஓடு வந்து, ஓடும் மாறித் தகரம் வந்துவிட்டது. ஆயினும், தெரியாமற்போனதற்குக் காரணம் கூரை மாறியது மட்டுமன்று. பெஞ்சில் அமர்ந்த குடும்பத்திற்கு அக்கடை காப்பியின் மணமாக நினைவில் நிற்கிறது. வாசலில் குந்தியவர்க்கு அதே கடை வேறொன்றாக நிற்கும். ஒரே கடை, ஒரே அடுப்பு, ஒரே பால். நினைவுகள் மட்டும் இரண்டு. ஊரை மீள அறிதல் என்று இக்கட்டுரையாளர் எண்ணியிருந்தது, ஊரின் ஒரு பாதியை மீண்டும் மீண்டும் சுவைத்ததே ஆகும்.

மரபேக்கமும் மறுவாசிப்பும்

இன்று பெருநகரங்களில் தோன்றும் மரபுசார் உணவகங்கள் ஓட்டுக்கூரை, திண்ணை, பித்தளைப் பாத்திரம், பழைய விளம்பரத் தகடு ஆகியவற்றால் ஒரு கடந்த காலத்தைக் கட்டமைக்கின்றன. பிறந்த ஊரை விட்டுச் சென்றோர்க்கு இவை ஆறுதல் அளிக்கின்றன. அவ்வாறுதலை எள்ளுவது ஆய்வாளரின் பணியன்று. கதீட்ரல் சாலையில் 1962 முதல் இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டபோது பலர் வருந்தினர். அவ்விடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா எழுந்தது. உணவு விடுதி மறைகையில் ஒரு தலைமுறையின் சந்திப்பிடம் மறைகிறது என்பது உண்மையே.

ஆயினும், மரபு உணவகம் திரட்டும் பொருள்களுள் டபராவும் தம்ளரும் உள்ளன. வாசலில் செருகிய குவளை இல்லை. விளம்பரத் தகடு உண்டு. நீக்கப்பட்ட சாதிப் பலகை இல்லை. இத்தெரிவு ஒரு வரலாற்றுக் கூற்று. எல்லாரும் எக்காலத்தும் இங்கு ஒன்றாக அமர்ந்து காப்பி குடித்தனர் என்பதே அக்கூற்று. உதடு படாமல் அண்ணாந்து குடித்தற்கு ஏற்ப விளிம்பு விரிந்த தம்ளரின் வடிவத்தையே எச்சில் குறித்த விலக்கோடு இணைத்து விளக்குவோர் உண்டு. அழகெனக் கருதப்படும் வளைவிலும் ஒரு விதி உறைந்திருக்கக்கூடும்.

இதற்கு மாறான உணவகமும் நம் காலத்தில் தோன்றியுள்ளது. 2013இல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் ஓர் இட்லி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சோறு 5 ரூபாய்க்கும், தயிர்ச் சோறு 3 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. சமைப்போரும் பரிமாறுவோரும் மகளிர் தன்னுதவிக் குழுவினர். எல்லார்க்கும் ஒரே தட்டு; பெரும்பாலும் நின்றே உண்ணும் மேசை. அதன் அரசியல் உள்நோக்கங்கள் குறித்துத் திறனாய்வுகள் உண்டு. ஆயினும், சமைப்பவர் எச்சாதி என்று வினவாமல் மூட்டை தூக்குபவரும் அலுவலக ஊழியரும் ஒரே வரிசையில் நிற்கும் அவ்விடம், 1957ஆம் ஆண்டு மறியலின் நெடுந்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கது. மரபு உணவகத்தைத் தேடிச் செல்லும் பயணியின் வரைபடத்தில் அது இடம்பெறாமை சிந்தனைக்குரியது.

முடிவுரை

உணவு விடுதி ஓர் ஊரின் ஆவணக் காப்பகம். அதன் பலகை எவர் வரலாம் என்பதையும், இருக்கை எவர் அமரலாம் என்பதையும், குவளை எவர் எவரோடு ஒப்பர் என்பதையும் பதிவு செய்துள்ளன. அரசு ஆவணங்களில் கிட்டாத அன்றாட வரலாறு இம்மூன்றிலும் உண்டு. ஆனால் இவ்வாவணங்கள் விரைந்து அழிகின்றன. பலகைகள் எழுத்து மாறுகின்றன, கூரைகள் மாறுகின்றன, கடையின் இருபுறத்தும் நின்றவர்கள் முதுமையடைந்து மறைகின்றனர். எனவே, பெஞ்சில் அமர்ந்தவரின் நினைவையும் வாசலில் நின்றவரின் நினைவையும் ஒருங்கே வாய்மொழி வரலாறாகத் தொகுத்தல் உடனடித் தேவை. அவ்வாறு தொகுக்கும்போது, முதலில் வாசலில் நின்றவரிடம் சென்று கேட்பதே முறை. பெஞ்சில் அமர்ந்தவரின் நினைவு ஏற்கெனவே நெடுஞ்சாலைதோறும் பலகையேறிவிட்டது.